வாசனை இல்லாத இஞ்சி

அத்தியாயம் 5

“இஞ்சியைக் காணோம்” என்று இயக்குநர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

“அடுப்படியில பாத்தீங்களா சார்?” என்று கேட்டாள் அண்ணி.

லென்ஸ் தொண்டையைச் செருமினான். அவன் அப்படிச் செருமினால், ‘அண்ணி, சம்பளம் தர்ற ஆள்’ என்று அர்த்தம்.

லென்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கறுப்புக் கயிற்றில் கட்டி எந்நேரமும் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்து மற்றவர்கள் வைத்தது. அவனுடைய துப்பறியும் நிறுவனத்தில் இருப்பது இரண்டே பேர்: அவனும் அவன் அண்ணன் மனைவியும். அண்ணி அதற்கு முன்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோ மூடப்பட்டதும், கார் ஓட்டத் தெரியும், யாரைக் கண்டாலும் பயமில்லை என்ற இரண்டு தகுதிகளோடு கொழுந்தனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாவது தகுதி அவளுடைய வாய். அது சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது.

இப்போது அவர்கள் நின்றுகொண்டிருந்தது மழைக்காட்டுச் செடிகளுக்கான ஓர் ஆய்வகத்தின் கண்ணாடிக் கூடத்தில். கூரையிலிருந்த மெல்லிய குழாய்கள் சீறிச் சீறி நீரைப் புகைபோல் தூவின. லென்ஸின் லென்ஸ் நிமிடத்துக்கு ஒரு முறை வியர்த்தது. கூடத்தின் நடுவே வெல்வெட் விரித்த ஒரு மேடை. அதன்மேல் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஈரத் தடம். பக்கத்தில் கிழிந்த இலைத்துண்டு ஒன்று. அவ்வளவுதான்.

இயக்குநர் ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இது சமையல் இஞ்சி இல்லம்மா. இஞ்சிக் குடும்பத்துலயே புத்தம்புது இனம். உலகத்துக்கே இந்த ஒரு செடிதான். நான் கண்டுபிடிச்சது. இன்னிக்குச் சாயங்காலம் எங்க அறக்கட்டளைத் தலைவர் வந்து இதுக்குத் தன் பேரை வைக்கப் போறார்.”

“அவர் பேரை அவரே வச்சுக்கறாரா?”

“அதான் இங்க வழக்கம்.”

வழக்கம் உண்மைதான். வரும் வழியில், கழிப்பறைக் கதவோரம், தொட்டிகள் வரிசையாக வாடிக் கிடந்ததை அண்ணி கவனித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு முன்னாள் தலைவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. பதவி போனவுடன் செடிக்கும் இடமாற்றம் வந்துவிடும் போலிருக்கிறது.

“திருடினது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார் இயக்குநர். “நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும். அதோ அந்தம்மாதான்.”

கதவருகே பெஞ்சில், கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவலாளி. ஆய்வகத்தின் தாவர ஓவியர் அவர். செடிகளைப் பார்த்து அச்சு அசலாக வரைவது வேலை. நேற்று மாலை கூடத்தை விட்டுக் கடைசியாக வெளியே போனவரும் அவரே.

“எதுக்கு அவங்க திருடணும்?” என்றான் லென்ஸ்.

“பொறாமை! என் செடி இஞ்சியே இல்லைன்னு கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. தலைவர் வர்றதுக்குள்ள செடி வரலைன்னா மேடையில வச்சே போலீஸ்ல ஒப்படைச்சிருவேன். இனிமே எந்த ஆய்வகமும் இவங்க கையில ஒரு பென்சில்கூட கொடுக்காது.”

இன்னொரு தும்மலோடு அவர் விழா ஏற்பாட்டைக் கவனிக்கப் போனார்.

லென்ஸ் மேடையிலிருந்த இலைத்துண்டை எடுத்தான். விரலிடுக்கில் நன்றாகக் கசக்கி முகர்ந்தான். அண்ணியிடம் நீட்டினான்.

“என்ன வாசனை வருது?”

“புல்லு வெட்டின வாசனை.”

“இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், இதுங்கள்ல எதோட இலையைக் கசக்கினாலும் ஒரு காரமான வாசனை மூக்குல ஏறும் அண்ணி. இலைக்குள்ள பொடிப்பொடியா எண்ணெய்ப் பைகள் இருக்கு. கசக்கினா உடையும். அதான் அந்தக் குடும்பத்தோட முதல் அடையாளம்.” மூலிகைக் கலப்பட வழக்கு ஒன்றில் ஆறு மாதம் இலைகளோடு புரண்டவன் அவன். அந்த வழக்கில் கூலி வரவில்லை. அறிவு மட்டும் தங்கிவிட்டது.

“அப்ப இது?”

“கேட்டுப் பாப்போம்.”

இயக்குநரின் உதவி விஞ்ஞானி அழைப்பிதழ்க் கட்டோடு அந்தப் பக்கம் வந்தார். கழுத்தே இல்லாதவர்போல எதற்கும் உடம்போடு தலையாட்டும் மனிதர். லென்ஸ் இலைத்துண்டை நீட்டினான்.

“ஆஹா!” என்றார் அவர், மூக்கருகே போவதற்கு முன்பே. “இளசான இஞ்சி வாசனை. அடியில லேசா ஏலக்காய்.”

“இதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு சார்? வாசனை இருக்குன்னு?”

“இயக்குநர்தான். இலையைக் கசக்கி என் மூக்குகிட்ட வச்சு, ‘வாசனை வருதில்ல?’ன்னார். வருது சார்னேன். உடனே கட்டுரையில எழுதிட்டார்.”

“அவருக்கு வந்துச்சா?”

“அவருக்கு எப்படிங்க வரும்? அவருக்குத் தீராத ஜலதோஷம். இருபது வருஷமா மூக்கு வேலை செய்யல. அதனாலதானே என்னைக் கேட்டார்.”

“உங்களுக்கு வந்துச்சா?” என்றாள் அண்ணி.

உதவி விஞ்ஞானி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவருக்கே வந்திருக்கும்போல, அதான் கேக்கறார்னு நினைச்சேன்மா.”

அவருக்குப் பின்னால் காவலாளி, “எங்க எல்லாருக்கும் வந்துச்சு” என்று உறுதியாகச் சொன்னார். “கட்டுரையிலயே போட்டிருக்கே.”

அண்ணி கொழுந்தனின் காதருகே குனிந்தாள். “தம்பி, ஒரு மூக்கு அடைச்சிருக்கு. ஊர் மூக்கெல்லாம் அதுக்குத் துணை போயிருக்கு.”

உதவி விஞ்ஞானி கிளம்பும்போது லென்ஸ் இன்னொன்று கேட்டான். “விழா ஏன் சாயங்காலம்?”

“தலைவருக்குச் சாயங்காலம்தான் தோது. இயக்குநர் நேத்துப் பூரா போன்ல மன்றாடினார், மதியமே வாங்க, வெளிச்சம் நல்லா இருக்கும்னு. தலைவர் ஒத்துக்கல. பாவம், அதுலயே இயக்குநர் முகம் செத்துப் போச்சு. முந்தாநாள் சாயங்காலம் ஒத்திகை நடந்தப்பகூட நல்லாத்தான் இருந்தார். நாங்கெல்லாம் கிளம்பின பிறகும் தனியா உக்காந்து செடியையே பாத்துக்கிட்டு இருந்தார்.”

லென்ஸ் கழுத்துக் கயிற்றை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். அண்ணிக்கு அந்தப் பழக்கம் தெரியும். எங்கோ ஏதோ மாட்டியிருக்கிறது.

ஓவியரிடம் போனார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் எடுக்கல. எடுத்திருந்தா ஒத்துக்கிட்டுப் போயிருப்பேன், இந்த இடத்துல இருந்து போனா போதும்னு இருக்கு. ஆனா திருடின்னு பேரோட போக மாட்டேன்.”

“நாங்க திருடியைத் தேடி வரல, செடியைத் தேடி வந்தோம்” என்ற அண்ணி, சுவரில் ஒட்டியிருந்த பெரிய சுவரொட்டியின் முன் போய் நின்றாள். அழைப்பிதழில் இருந்த அதே படம். நீண்ட இலைகள், நடு நரம்பின் இருபுறமும் வெள்ளிக் கோடுகள். படத்துக்குக் கீழே செடியைவிடப் பெரிதாகத் தலைவர்.

அண்ணி படத்தை நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் காகிதத்தில் வழுக்கும் கோணத்தில் பார்த்தாள். ஸ்டுடியோவில் இருந்தபோது எத்தனையோ பேரின் மச்சத்தையும் தழும்பையும் தூரிகையால் அழித்த கை அவளுடையது. அழித்த இடம் மற்ற இடத்தைவிட ஒரு பொட்டு அழகாக இருக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கும்.

“இதுல ரெண்டு இடத்துல கை வச்சிருக்கீங்க” என்றாள். “இந்த இலைக்குக் குறுக்கே. அப்புறம் ஒவ்வொரு இலையோட கழுத்துலயும்.”

ஓவியர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

“நான் வைக்கல. வைக்க வச்சாங்க. நான் உள்ளதை உள்ளபடி வரைஞ்சேன். அந்த இலையில வரிசையா ஓட்டை இருந்துச்சு, வரைஞ்சேன். ‘தலைவர் பேர் வைக்கற செடியில ஓட்டையா?’ன்னு இயக்குநர் அழிக்கச் சொன்னார். காம்பும் இலையும் சேர்ற இடத்துல முட்டி மாதிரி புடைச்சிருந்துச்சு, வரைஞ்சேன். ‘வீங்கின மாதிரி இருக்கு, தலைவர் தப்பா எடுத்துப்பார்’னு அதையும் அழிக்க வச்சாங்க.”

“அப்ப காலையிலேர்ந்து இந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தேடறாங்களே?”

“ஓட்டையில்லாத, முட்டியில்லாத செடியைத் தேடறாங்க. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.”

“பாஸ்போர்ட் படத்துல மூக்கையே மாத்திட்டு, ஆளைக் காணோம்னு சொன்ன கதை” என்றாள் அண்ணி. லென்ஸ் அதற்குள் பாத்திகளை நோக்கி நடந்துவிட்டான்.

இஞ்சிப் பாத்தி அலங்கோலமாக இருந்தது. காலையிலிருந்து ஆட்கள் புரட்டிப் போட்டிருந்தார்கள். இஞ்சியை ஒளிக்க இஞ்சிக்கூட்டத்தைவிட நல்ல இடம் உண்டா என்பது அவர்கள் கணக்கு.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு தம்பி. நீளமா, பச்சையா.”

“எல்லாம் சொந்தக்காரங்க அண்ணி. ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைங்க. ஸ்டுடியோவுல அண்ணன் தம்பி வந்தா எதை வச்சுச் சொல்வீங்க?”

“காதை வச்சு. முகம் வேஷம் போடும். காது போடாது.”

“இங்கயும் அப்படித்தான். நிறம், கோடு, பூ எல்லாம் முகம். காது எங்க இருக்குன்னு தெரியணும்.” அவன் ஒரு இஞ்சித் தண்டைப் பிடித்தான். “இலைங்க ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா, சீப்பு மாதிரி அடுக்கா இருக்கு பாருங்க. இலையோட அடி தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கிற இடத்துல, உள்பக்கம் சின்னதா ஒரு நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கா?”

லென்ஸ் வழியே பார்த்த அண்ணி, “ஆமா, பழிச்சுக் காட்டுது” என்றாள்.

“நாக்கு, வாசனை, ரெண்டு பக்க அடுக்கு. இது இஞ்சி வீடு.” அடுத்த பாத்திக்கு நகர்ந்தான். “இது கோஷ்டம், பக்கத்து வீடு. இலைங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா, கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி, தண்டைச் சுத்தி ஏறுது.”

“சுழல் படிக்கட்டு.”

“அதேதான். கசக்கிப் பாருங்க, வாசனை இல்ல.” மூன்றாவது பாத்தி கூடத்தின் இருட்டான மூலையில் இருந்தது. “இது ஆரோரூட் மாவு எடுக்கற கூவைக்கிழங்கோட குடும்பம். இங்க நாக்கும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. இலையோட கழுத்தைத் தொட்டுப் பாருங்க.”

அண்ணி தொட்டாள். காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தில், விரல்கணுபோல உருண்டு திரண்ட ஒரு முட்டி.

“படம் வரையற அம்மா சொன்ன வீக்கம்!”

“வீக்கம் இல்ல. மூட்டு. சும்மா அழகுக்கு இல்ல அண்ணி, வேலை பாக்கற மூட்டு. என்ன வேலைன்னு சாயங்காலம் காட்டறேன்.”

“அந்த ஓட்டை?”

லென்ஸ் அழைப்பிதழ் ஒன்றை எடுத்துச் சுருட்டினான். “கூவையோட குருத்து இப்படித்தான் சுருண்டு நிக்கும். உங்க கொண்டை ஊசியைக் கொடுங்க. இப்ப ஒரு பூச்சி வந்து ஒரே ஒரு கடி கடிக்குது.” ஊசியால் சுருளை ஒரு முறை குத்தி, காகிதத்தை விரித்தான். தலைவரின் நெற்றியில் தொடங்கி, வரிசையாக, சம இடைவெளியில் துளைகள்.

“ஒரு கடிக்கு இத்தனை ஓட்டையா! பூச்சியும் கெட்டிக்காரப் பூச்சிதான்” என்ற அண்ணி சட்டென்று நிறுத்தினாள். அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிருந்தது. பாத்தியின் பின்வரிசையில், உயரமான இரண்டு செடிகளுக்கு நடுவே, வெள்ளிக் கோடு போட்ட இலை ஒன்று. அதன் குறுக்கே, தையல் பிரித்த இடம்போல, வரிசையாகத் துளைகள்.

தொட்டியோடு புதைத்து, மேலே சருகு பரப்பி வைத்திருந்தார்கள்.

அண்ணிக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கொழுந்தனின் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

“என்ன தம்பி?”

“இது இஞ்சின்னு நம்பறவன் எங்க ஒளிச்சிருப்பான்?”

“இஞ்சிப் பாத்தியில.”

“இவன் கூவைப் பாத்தியில ஒளிச்சிருக்கான். சரியான குடும்பத்துல கொண்டுபோய்ச் சேத்திருக்கான். இது இஞ்சி இல்லைன்னு தெரிஞ்ச ஆள்தான் இதைச் செஞ்சிருக்கணும்.”

அண்ணி மெதுவாக, கதவருகே இருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கூடத்தில் அதைச் சத்தம்போட்டுச் சொன்னது ஒரே ஒரு ஆள்.

“ஐயோ” என்றாள். “அந்தம்மாவைக் காப்பாத்த வந்து நாமே மாட்டி விடறோமா?”

“இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கலாம். வாயைத் திறக்காத ஒருத்தர். தலைவர் வரட்டும். நீங்க விளக்கு ஸ்விட்ச்கிட்ட நில்லுங்க. யார் சொன்னாலும் போடாதீங்க.”

*

தலைவர் வந்தபோது கண்ணாடிக் கூரையில் வெயில் பழுத்திருந்தது. நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஓவியரை மேடையோரம், எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்கள்.

“மாபெரும் இழப்பு!” என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் தொடங்கினார். “இனி உலகம் அந்தச் செடியைப் பார்க்காது. ஆனால் தலைவரின் பெயர்...”

“பாக்கலாம் சார்” என்று லென்ஸ், துணி போர்த்திய தொட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைத்துத் துணியை உருவினான்.

கூடம் கைதட்டியது. உதவி விஞ்ஞானி, “வாசனை இங்க வரைக்கும் வருது!” என்றார். தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒரு முறை பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவர். தன் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார்.

அண்ணி ஸ்விட்ச்போர்டின் மேல் சாய்ந்து நின்றபடி கூட்டத்தைக் கவனித்தாள். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். குறைந்தபட்சம் பார்ப்பதுபோல் தூங்கினார்கள். ஓவியர் தரையைப் பார்த்தார். ஒரே ஒரு ஆள் மட்டும் கூரையையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறையக் குறைய அவர் நெற்றியில் வியர்வை கூடியது.

தலைவர் பள்ளிப் பருவத்துக்கு வந்தபோது இயக்குநர் எழுந்து ஓடிவந்தார். “விளக்கைப் போடுங்க! எல்லா விளக்கையும்!”

“ஃபியூஸ் போயிருச்சு சார்” என்றாள் அண்ணி, அசையாமல்.

“அப்ப செடியை மூடுங்க. குளிர் ஆகாது அதுக்கு.”

“மழைக்காட்டுல போர்வை கொடுப்பாங்களா சார்?”

இயக்குநர் துணியை எடுக்கக் குனிந்தார். லென்ஸ் துணியின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றான்.

தலைவர் முதல் பதவியை அடைந்தபோது அது தொடங்கியது. படுக்கையாய் விரிந்து கிடந்த இலைகள், கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில், கழுத்து முட்டியிலிருந்து மடங்கி மேலெழுந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் அசைவு தெரியாது. ஒரு முறை வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இலை ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும். தலைவர் இரண்டாவது பதவியை முடிப்பதற்குள் எல்லா இலைகளும் செங்குத்தாக நின்றன. இலைகளின் ஊதா முதுகு தெரிந்தது.

தலைவர் பேச்சை நிறுத்தினார். “இது... என்னைப் பாத்து எழுந்து நிக்குதா?”

“மரியாதை சார்!” என்றார் உதவி விஞ்ஞானி.

கூடம் அதிர்ந்தது கைதட்டலில். அந்தச் சத்தத்துக்கு அடியில் லென்ஸ் இயக்குநரிடம் மெதுவாகப் பேசினான். பக்கத்தில் வந்து நின்ற அண்ணிக்கு மட்டும்தான் அது கேட்டது.

“இஞ்சி எழுந்து நிக்காது சார். கூவை நிக்கும். இருட்டினா மூட்டுல தண்ணி இடம் மாறும், இலை தூக்கும். விடிஞ்சா இறங்கிடும். இங்க எல்லாரும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறீங்க. அதனால ஒருத்தரும் பாத்ததில்ல. முந்தாநாள் ஒத்திகை முடிஞ்சு நீங்க தனியா உக்காந்தீங்க. அன்னிக்குத்தான் பாத்தீங்க. மறுநாள் முழுக்கத் தலைவரைப் பகல்லயே வரவைக்கப் போராடினீங்க. நடக்கல. செடி தொலைஞ்சு போச்சு.”

இயக்குநர் வெகுநேரம் தும்மவில்லை.

“முப்பது வருஷமா நான்தான் இஞ்சிக்கு அத்தாரிட்டி” என்றார் கடைசியில். “செடி இருந்தா என் தப்புக்குச் சாட்சி. தொலைஞ்சா அபூர்வம். பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். மனசு வரல. அது என்ன பண்ணுச்சு? அதோட ஆளுங்ககூடப் போய் இருக்கட்டும்னு வச்சேன்.”

“அந்தம்மா மட்டும் என்ன பண்ணாங்க?” என்றாள் அண்ணி.

அவர் மேடையோரம் நின்ற ஓவியரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு புரியல” என்றான் லென்ஸ். “ஒளிச்சவர் எதுக்கு சார் துப்பறியறவனைக் கூப்பிட்டீங்க?”

இயக்குநர் தயங்கினார். “விசாரிச்சேன். போன தடவை நீங்க ஒரு பூனையைத் தேடினீங்களாம். அது கடைசிவரைக்கும் அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்துச்சாம்.”

லென்ஸின் காது சிவந்தது. அண்ணி, “அது நல்லா ஒளியற பூனை” என்றாள், குடும்ப மானத்தைக் காக்கும் குரலில். “சார், ஒலிபெருக்கி அங்க இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா மூக்குலேர்ந்து ஆரம்பிப்பேன்.”

இயக்குநர் மேடையேறினார். செடி இஞ்சி அல்ல, கூவை என்றார். அதை முதலில் சந்தேகப்பட்டது ஓவியர்தான் என்றார். செடியை ஒளித்தது யார் என்பதையும், குரல் தேய்ந்தாலும், சொல்லி முடித்தார்.

தலைவர் கையை வீசினார். “எந்தக் குடும்பமா இருந்தா என்னய்யா? என்னைப் பாத்து எழுந்துச்சு, அதான் பேச்சு. நாளைக்குக் காலையில நண்பர்களோட வர்றேன். மறுபடி எழுந்து நிக்கணும்.”

“காலையிலயா?” என்றார் இயக்குநர், பலவீனமாக.

“பத்து மணிக்கு.”

உதவி விஞ்ஞானி இலையை முகர்ந்து பார்த்து, “வாசனையே இல்லைன்னு எனக்கு அன்னிக்கே ஒரு இது இருந்துச்சு” என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கும் இருந்தது என்றார் காவலாளி.

ஓவியர் பையைத் திறந்தார். வீட்டுக்குப் போகக் கட்டிய பையிலிருந்து பென்சில் டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். அண்ணி ஸ்விட்சைத் தட்டினாள். ஃபியூஸ் போயிருந்த எல்லா விளக்கும் எரிந்தன. ஓவியர் சுவரொட்டியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றார்.

“சார், முட்டி வரையலாமா?”

இயக்குநர் தலையாட்டினார். “வரைங்க.”

“ஓட்டை?”

அவர் ஒரு கணம் தலைவரின் படத்தைப் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார்.

“வரைங்க.”

“எத்தனை?”

“எத்தனை இருக்கோ அத்தனை.”